'மச்சி, யூரோப் போலாமா?': ஒரு வாட்ஸ்அப் குழுவின் திணையும் துறையும்

ஐந்து நண்பர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வருவது எப்படி என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதற்கு யூடியூபில் காணொளிகள் மலிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒருவர் ஈஃபில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கைகளை விரிக்கிறார். ஐந்து நண்பர்கள் அவ்வாறு சுற்றி வரப்போவதாகப் பேசிக்கொண்டிருப்பது எப்படி என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். முன்னதற்குச் சட்டப்படி ஓர் எல்லை உண்டு: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்க முடியாது. பின்னதற்கு அப்படியோர் உச்சவரம்பை எந்த அரசும் இதுவரை விதிக்கவில்லை.

ஆய்வுக்களம், சென்னையில் வேலை பார்க்கும் ஐவரைக் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு. ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல், ஒரே மெஸ்ஸில் கெட்டுப்போன வயிறு. குழுவின் பெயர் 'யூரோப் கன்ஃபர்ம்ட்'. பெயர் வைத்த அன்று ஐவரில் இருவரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஆய்வு அறம் கருதித் தகவலாளர்கள் அ, ஆ, இ, ஈ, உ என்றே குறிக்கப்படுகிறார்கள். ஆய்வாளர் இவற்றுள் எந்த எழுத்து என்பதும் அதே அறம் கருதி மறைக்கப்படுகிறது.

அ என்பவர் குழுவைத் தொடங்கியவர். அதோடு தம் கடமை முடிந்தது என்று கருதுபவர். ஆ எக்செல் ஷீட் போடுபவர். ஈ எந்த விலையைச் சொன்னாலும் நூறால் பெருக்கி ரூபாயாக்கி அதிர்ச்சி அடைபவர். உ பேசுவதில்லை, கட்டைவிரலை மட்டும் உயர்த்துவார். இ இருக்கிறாரே, அவர்தான் ஆய்வாளர்கள் அஞ்ச வேண்டிய வகை: "எனக்கு எதுனாலும் ஓகேடா" என்பவர். ஒரு பயணத் திட்டத்தைக் குலைக்க எதிர்ப்பாளர் தேவையில்லை. எதற்கும் ஓகே சொல்பவர் ஒருவர் போதும். ஏனெனில் அவருக்கு எது ஓகே இல்லை என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும்.

இவ்வாய்வின் கருதுகோள் இது: நண்பர் குழு எதுவும் தானாக ஒரு முடிவுக்கு வருவதில்லை. அதை முடிவெடுக்க வைப்பது நட்போ ஆசையோ பணமோ அன்று. விசா விண்ணப்பப் படிவமே. 'கால் போன போக்கில் திரிவது' என்று பேக்பேக்கிங் பற்றி ஊரெல்லாம் பாடும் இலட்சியம், நம் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, போவதற்கு முன்பே நாள்வாரியாகத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டிய ஒன்று. இதனைத் தரவுகளால் நிறுவுவோம்.

முன்னோர் கூற்று

மூட்டையோடு ஐரோப்பாவைச் சுற்றிய முன்னோர் பலர். இங்கிலாந்தின் ஓட்கம் என்ற சிற்றூரைச் சேர்ந்த தாமஸ் கோரியட் 1608இல் வெனிஸ் வரை போய்வந்தார், பெரும்பகுதி நடை. ஊர் திரும்பியதும் தேய்ந்த செருப்பை ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார். 1611இல் புத்தகமும் போட்டார். இத்தாலியர்கள் முள்கரண்டியால் சாப்பிடுவதைக் கண்டு வியந்து, அந்தப் பழக்கத்தைத் தாமும் பிடித்துக்கொண்டு வந்து ஊரில் கேலிக்கு ஆளானவர். அதோடு அடங்கினாரா என்றால் இல்லை. அடுத்து நிலவழியாகவே இந்தியாவுக்கு வந்து, அஜ்மீரில் ஜஹாங்கீரின் அவையைப் பார்த்து, 1617இல் சூரத்தில் இறந்துபோனார். அலெப்போவிலிருந்து முகலாய அவை வரை வந்த பத்து மாதத்துக்கு மூன்று பவுண்டு மட்டுமே செலவானதாகக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தகவலைக் குழுவில் பகிர்ந்தபோது ஈ கேட்டது: "அவருக்கு எந்த ஆப்ல டீல் கெடச்சுது?"

தங்குமிட வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அன்று தோன்றியதன் தொடர்ச்சிதான் 1912இல் ஆல்டெனா கோட்டையில் அமைந்த இளைஞர் விடுதி. இன்று பத்துப் பேர் அடுக்குக்கட்டிலில் குறட்டை விடும் ஒவ்வொரு டார்மிட்டரியும் அந்த மழைக்குக் கடன்பட்டது. பிறகு 1957இல் ஆர்தர் ஃப்ரோமர் என்ற அமெரிக்கர் நாளொன்றுக்கு 5 டாலரில் ஐரோப்பா என்று ஒரு வழிகாட்டி எழுதினார்; புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1959இல் யூரெயில் பாஸ் வந்தது. 1972இல் ஐரோப்பிய இளைஞர்களுக்கென்றே இன்டர்ரெயில். நம் பக்கத்தில் ஏ.கே. செட்டியார், காந்தி ஆவணப்படத்துக்காகத் துண்டு துண்டாகப் படச்சுருள் தேடி உலகம் முழுக்க அலைந்தார். படம் 1940இல் வெளிவந்தது.

இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொதுக்கூறு உண்டு. முந்தைய ஆய்வாளர் கண்ணில் அது படவில்லை. யாருமே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கோரியட் தனியாகப் போனார். செட்டியார் தனியாகப் போனார். ஷிர்மானோடு கும்பல் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மாணவர் கும்பல், "நாளைக்கு இந்தப் பக்கம்" என்று சொல்ல ஒரு வாத்தியார் இருந்தார். அவரிடம் போய் "சார், வாக்கெடுப்பு வைக்கலாமா" என்று எந்தப் பையனும் கேட்டிருக்க மாட்டான். ஆக, சமமான அதிகாரமும் சமமற்ற சம்பளமும் உள்ள ஐந்து பேர் சேர்ந்து ஒரு கண்டத்தைச் சுற்றத் திட்டமிடுவது எப்படி என்பதில் ஆய்வு இடைவெளி உள்ளது. அதை நிரப்ப இக்கட்டுரை முனைகிறது.

திணை

குழு உரையாடல்களை முழுதாக அச்செடுத்து அடுக்கியபோது, இவற்றுக்கு மேனாட்டு மேலாண்மைக் கோட்பாடுகள் எதுவும் பொருந்தவில்லை. நம் அகத்திணைதான் அச்சாகப் பொருந்தியது. முதற்பொருளில் நிலம் வாட்ஸ்அப். பெரும்பொழுது ஏப்ரல், அதாவது சம்பள உயர்வு வரும் என்று நம்பப்படும் காலம். சிறுபொழுது இரவு பதினொன்றுக்கு மேல். கருப்பொருளில் தெய்வம் ஸ்கைஸ்கேனர், பறை நோட்டிஃபிகேஷன் ஓசை, உணவு நள்ளிரவு மேகி, பூ லாவெண்டர், தொழில் ரீல்ஸ் அனுப்புதல்.

உரிப்பொருள்தான் முக்கியம்.

குறிஞ்சி, புணர்தல். அ "மச்சி, யூரோப் போலாமா?" என்று கேட்ட கணத்தில் நால்வரும் "டேய் டேய் டேய்", "நான் ரெடி", "இந்த வருஷம் போறோம், அவ்ளோதான்" என்று ஒன்றுபட்டனர். ஐவர் உள்ளமும் கலந்த நேரம் இந்த ஒன்றுதான். குழுவின் முகப்புப் படமாக ஹால்ஸ்டாட் ஏரி வைக்கப்பட்டதும் அன்றே. அந்த ஏரி ஆஸ்திரியாவில் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. சுவிட்சர்லாந்து என்று நினைத்து வைத்தார்கள்.

முல்லை, இருத்தல். கார்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்று தலைவன் சொல்லிப் போவான், தலைவி காத்திருப்பாள். இங்கே "அப்ரைசல் முடியட்டும், லீவு கேட்டுட்டு சொல்றேன்" என்று இருவர் சொல்லிப் போனார்கள். அப்ரைசல் முடிந்தது. ரிலீஸ் வந்தது. ரிலீஸ் முடிந்ததும் மேனேஜர் லீவில் போனார். எங்கே என்று விசாரித்ததில், ஐரோப்பாவுக்கு.

மருதம், ஊடல். இத்திணை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருதத்து ஊடலுக்குக் காரணம் தலைவனின் புறத்தொழுக்கம் என்பது மரபு. தரவில் அது பிசகாமல் காணப்படுகிறது. "எனக்கு எதுனாலும் ஓகேடா" என்று சொல்லிவந்த இ, இதே காலத்தில் அலுவலக நண்பர்களின் வேறொரு குழுவில் பாலி போகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பெயர் 'பாலி ஃபார் ஷ்யூர்'. ஒரு நள்ளிரவில் தவறிப்போய் அங்கே அனுப்பவேண்டிய வில்லா படத்தை இங்கே அனுப்பிவிட்டார். அழிப்பதற்குள் மூன்று நீல டிக். அன்றைய உரையாடல்:

ஈ: இது என்னடா நீச்சல் குளம்?
இ: சும்மா மச்சி, ஃபார்வர்ட்.
ஈ: பெர் ஹெட் எவ்ளோன்னு போட்ருக்க.
இ: அதுவும் ஃபார்வர்ட்தான்.
ஆ: உன் பேரும் லிஸ்ட்ல இருக்கு.

தலைவன் மறுப்பதும் தலைவி சான்று காட்டுவதும் துறைக்குத் துறை ஒத்துப்போவதைக் காண்க. சமாதானம் பேச வாயிலாக உ அனுப்பப்பட்டார். அவர் இரு பக்கத்துக்கும் கட்டைவிரலை உயர்த்தினார்.

நெய்தல், இரங்கல். விமானக் கட்டணம் ஏறிய இரவுகளுக்கு உரியது. "நேத்து 52 இருந்துச்சுடா" என்ற ஒற்றை வரியில் அத்தனை சோகமும் அடங்கும். யூரெயில் பாஸில் இளைஞர் கட்டணம் 27 வயது வரைதான் என்று அறிந்த நாளில், அதைத் தாண்டிவிட்ட ஆ அடைந்த துயரும் இத்திணையில் சேரும். பொழுது எற்பாடு அன்று, பின்னிரவு. இந்த ஒரு வழு மட்டும் அமைத்துக்கொள்ளப்படுகிறது.

பாலை, பிரிதல். பாலைக்குத் தனி நிலம் இல்லை, குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை என்பர் பழையோர். உற்சாகமும் காத்திருப்பும் ஒருசேர வறண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, திரையின் நடுவில் மங்கிய எழுத்தில் ஒரு வரி தோன்றியது: இ குழுவை விட்டு வெளியேறினார்.

மிச்சம் இருப்பவை இரண்டு. கைக்கிளை, ஒருதலைக் காமம்: யாரும் திறந்தே பார்க்காத எக்செல் ஷீட்டில் ஆ தினமும் புதிய தாவல்கள் சேர்த்துவந்தது. பெருந்திணை, பொருந்தாக் காமம்: அ முன்மொழிந்த 'பன்னிரண்டு நாளில் ஒன்பது நாடு'.

ஆவின் ஷீட்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் ஏழாவது பத்திக்கு 'மூடியிருக்கும்' என்று தலைப்பு. லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஜெர்மனியில் ஞாயிறு கடைகளே மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமையே பிரெட் வாங்கிவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்கு முன்கூட்டி இணையத்தில் மட்டும் விடப்படும். எட்டாவது பத்தி, மலிவு விமானத்தில் டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊரும் இறங்கும் ஊரும். பாரிஸ் என்று போட்டிருந்தால் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் போவே. பிராங்க்ஃபர்ட் ஹான் என்று போட்டிருந்தால் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். சென்னை என்று சொல்லித் திண்டிவனத்தில் இறக்கிவிடுவது போல. ரோமில் குடிதண்ணீருக்குக் காசு கொடுக்கக் கூடாது, தெருவெங்கும் 'நாசோனி' என்ற இரும்புக் குழாய்கள் சுமார் 2,500 உள்ளன என்பது ஈக்காகவே சேர்க்கப்பட்ட குறிப்பு. முனைவர் பட்டத்துக்குத் தகுதியான உழைப்பு. படித்தவர் தொகை: ஆ நீங்கலாக, உ. அதுவும் பின்னரே தெரிந்தது.

வாக்கெடுப்பு

பாரிஸ், பிராக், ரோம் ஆகிய மூன்றில் எதற்கு அதிக நாள் ஒதுக்குவது என்று வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வைக்கப்பட்டது. ஐவரில் மூவரே வாக்களித்தனர். அவின் வரிசை: பாரிஸ், பிராக், ரோம். ஆவின் வரிசை: பிராக், ரோம், பாரிஸ். ஈயின் வரிசை: ரோம், பாரிஸ், பிராக். பாரிஸா பிராகா என்றால் இருவருக்குப் பாரிஸ். பிராகா ரோமா என்றால் இருவருக்குப் பிராக். அப்படியானால் பாரிஸ் ரோமை வென்றாக வேண்டுமே? இல்லை. ரோமா பாரிஸா என்றால் இருவருக்கு ரோம். மூவரும் தனித்தனியே தெளிவாக இருக்கிறார்கள். சேர்ந்தால் வட்டம் சுற்றுகிறார்கள்.

இதைக் கான்டோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785லேயே கண்டு சொல்லிவிட்டார். பெரும்பான்மை முடிவு என்பது சிலசமயம் இல்லவே இல்லாத பொருள் என்பதை நிறுவியவர் அவர். பயணவியல் நோக்கில் அவர் வாழ்வின் முடிவும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சியின் கெடுபிடியில் பாரிஸில் ஒளிந்திருந்தவர், 1794 மார்ச்சில் தங்குமிட முன்பதிவு ஏதுமின்றிக் கால் போன போக்கில் கிளம்பினார். கிளாமார் என்ற ஊரில் ஒரு சத்திரத்தில் ஆம்லெட் கேட்டாராம். எத்தனை முட்டை என்று கேட்டதற்குப் பிரபுக்களுக்கே உரிய அறியாமையில் ஒரு டஜன் என்றாராம் என்றொரு கதை. ஆம்லெட் கதையை விட்டுவிட்டாலும், கையில் சரியான காகிதம் இல்லாமல் அங்கே பிடிபட்டதும், அடைத்த சிறையிலேயே இறந்ததும் உண்மை. காகிதத்தின் முக்கியத்துவம் பற்றிப் பின்னர்.

எந்த ஊர் என்பது ஒரு சிக்கல், எந்த வரிசை என்பது வேறு. ஏழு ஊர்களை 5,040 வரிசையில் சுற்றலாம். அ கேட்ட பத்து ஊர்களை 36,28,800 வரிசையில் சுற்றலாம். கணிதவியலாளர் கார்ல் மெங்கர் 1930இல் வியன்னாவில் ஒரு தூதனை வைத்து எடுத்துப் பேசிய கணக்கு இது. இன்றுவரை கணினியியலாளர்களுக்குப் பிழைப்பு கொடுத்துவருகிறது. ஆனால் மெங்கரின் தூதனுக்குத் தூரம் ஒன்றுதான் கவலை. அவனோடு "பிராக்ல நைட் ட்ரெய்ன் ஏறணும்டா, ஃபீலே வேற" என்று சொல்ல யாரும் கூட வரவில்லை.

பை

நார்த்கோட் பார்க்கின்சன் சிங்கப்பூரில் பேராசிரியராக இருந்த காலத்தில், 1957இல், ஒரு விதி சொன்னார். ஒரு குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டுச் சைக்கிள் கொட்டகைக் கூரைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போடும்; ஏனெனில் அணு உலை யாருக்கும் புரியாது, கூரை எல்லாருக்கும் புரியும். நம் குழுவில் காப்பீடு பற்றிய விவாதம் ஒரே வரி: "அதெல்லாம் ஆ பாத்துக்குவான்." பை 40 லிட்டரா 60 லிட்டரா என்ற விவாதம் வார இறுதி முழுக்க ஓடியது. ஈ வீட்டிலிருந்த சக்கரப் பெட்டியே போதும் என்றார். பிராகின் கருங்கல் பாவிய தெருவில் சக்கரம் உருளும் ஓசையை ஒரு காணொளியில் கேட்டபின் அந்தக் கட்சி கலைந்தது. இறுதியில் ஐந்து பேரும் டெக்கத்லானுக்குப் போய் முதுகில் மாட்டி, கண்ணாடி முன் நின்று, படம் எடுத்து, வாங்காமல் வந்தார்கள். படம் இன்ஸ்டாகிராமில் ஏறியது. தலைப்பு: 'பயணம் தொடங்கியது'.

படிவம்

ஷெங்கன் என்பது லக்சம்பர்கில் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அங்கே 'பிரின்சஸ் மரி ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஒருவர் எல்லையில் ஒருவர் சோதனை வேண்டாம் என்று கையெழுத்திட்டனர். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். அது நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச் 26. வெளியுறவு அமைச்சகமும் சட்ட வல்லுநர்களும் கையில் வைத்திருந்த ஐந்து பேருக்கே பேசியதைச் செய்ய ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆகியிருக்கிறது. நம் ஐவரை அவசரப்பட்டு எடைபோடக் கூடாது என்பதற்காக இந்தத் தகவல்.

இன்று அந்த ஐந்து 29 ஆகியிருக்கிறது. சுவிட்சர்லாந்து உண்டு, பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. ஹாரி பாட்டருக்காக லண்டன் கேட்ட அவின் கனவு, அதற்குத் தனி விசா, தனிப் பணம் என்று தெரிந்ததும் இரண்டு அழுகை முகங்களோடு அடங்கியது.

திருப்பம் ஒரு புதன்கிழமை இரவு நிகழ்ந்தது. பல மாதமாகக் கட்டைவிரல் மட்டுமே காட்டிவந்த உ, ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் மூன்று வரியும் அனுப்பினார்: "விசா ஸ்லாட் கெடச்சிருக்கு. நாலு பேருக்குப் போட்டுட்டேன். ஆ ஷீட்ல இருக்குற டாக்குமென்ட் லிஸ்ட்ட எல்லாரும் பாருங்க." ஆ அன்று இரவு தூங்கவில்லை, மகிழ்ச்சியில். இ அன்றிரவே தமக்கும் ஒரு ஸ்லாட் கேட்டுக் குழுவுக்குத் திரும்பினார். பாலி என்னாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஊடல் தீர்ந்ததற்குக் காரணம் கேட்பது மரபும் அன்று.

இங்கே ஒரு விதியைக் குறிக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கோடை நெருங்கும்போது ஸ்லாட் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. எனவே நடைமுறையில் விதி தலைகீழாகிறது: எந்த நாட்டின் ஸ்லாட் கிடைக்கிறதோ அந்த நாட்டின் மேல் குழுவுக்கு ஆழ்ந்த ஈடுபாடு பிறக்கிறது. கான்டோர்சேயால் முடியாத முடிச்சு இவ்வாறு ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்தது. பாரிஸும் பிராகும் ரோமும் வட்டமாகத் துரத்திக்கொண்டிருக்க, ஸ்லாட் கிடைத்த நான்காவது நாட்டில் ஐந்து இரவு என்று படிவம் தீர்ப்பு எழுதியது. மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு மூன்று. யாரும் முணுமுணுக்கவில்லை. நண்பன் சொன்னால் சண்டை. படிவம் சொன்னால் சட்டம்.

படிவம் அதோடு விடவில்லை. 35க்கு 45 மில்லிமீட்டரில் புகைப்படம் கேட்டது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்டது. திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட் கேட்டது. ஆறு மாதத்துக்கு முன் வராதே, பதினைந்து நாளுக்குப் பின் வராதே என்றது. கட்டணம் 90 யூரோ, விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாது என்றது. இந்தக் கடைசி வாக்கியம்தான் குழுவின் வரலாற்றில் முதல் உறுதியான வாக்கியம். அதற்குமுன் சொல்லப்பட்ட எதுவும் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடியதே.

பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டபோது இன்னொரு சமூகவியல் உண்மை வெளிப்பட்டது. பல வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஒருவர் சம்பளம் ஒருவருக்குத் தெரியாமல் இருந்தார்கள். பிரின்ட் எடுக்கப் போன கடையில், மேசையில் பரப்பிய தாள்களைக் கண்ணால் மேயாதது போல மேய்ந்தார்கள். "ஈ, நீ ஏன்டா எல்லாத்துக்கும் அழுவுற?" என்று அ மெதுவாகக் கேட்டார். ஈ பதில் சொல்லாமல் தாளைத் திருப்பிப் போட்டார். ஐவரில் அதிகம் வாங்குபவர் அவர்தான்.

அடுத்தது கவரிங் லெட்டர். பேக்பேக்கிங் இலக்கியத்தின் மையப் பிரதி இதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. 'ஐயா / அம்மையீர், நான் என் நண்பர்களுடன் தங்கள் நாட்டின் செழுமையான பண்பாட்டை அறியும் பொருட்டு' என்று தொடங்கி, முதல் நாள் எந்த ஊர், எந்த விடுதி, இரண்டாம் நாள் எந்த ரயில், ஒன்பதாம் நாள் மாலை எங்கே இருப்பேன் என்று வரிசையாகச் சொல்லி, வேலையும் குடும்பமும் இங்கே இருப்பதால் கட்டாயம் திரும்பிவிடுவேன் என்று முடியும். ஐவரும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பயன்படுத்தினர். இயின் கடிதத்தில் ஓரிடத்தில் அவின் பெயர் அப்படியே நின்றுபோனதை மையத்துக்குக் கிளம்பும் காலையில் உ கண்டுபிடித்தார்.

இப்போது யூரெயிலின் வாக்குறுதியை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாஸ், 33 நாடு. பிடித்த ஊரில் இறங்கு, பிடிக்காவிட்டால் அடுத்த வண்டி ஏறு. அமெரிக்கப் பையன் ஒருவனுக்கு இது மெய்யாகவே பொருந்தும். அவன் 90 நாளுக்கு விசா இல்லாமலே வரலாம், இரவு எங்கே என்று இரவு எட்டு மணிக்கு யோசிக்கலாம். நம்மவருக்கு ஒவ்வோர் இரவின் தலையணையும் சென்னையில் வைத்தே உறுதியாக வேண்டும். போதாக்குறைக்குப் பிரான்ஸின் டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே முன்பதிவு செய்து தனியே காசு கட்ட வேண்டும். இதனால் நம்மவர் பயணத்தில் தற்செயல் குறைவு என்று சிலர் வருந்தக்கூடும். இவ்வாய்வாளருக்கு அந்த வருத்தம் இல்லை. படிவம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் குழு ஹால்ஸ்டாட் படத்தை மாற்றி மாற்றி வைத்தபடி ஓய்வூதியம் வரை போயிருக்கும். தற்செயலுக்கு இடம் வேண்டுமென்றால் அது கிளம்பிய பின் தானே வந்து சேரும். தண்டவாள வேலை, வேலைநிறுத்தம், தவறிய இணைப்பு வண்டி என்று ஐரோப்பிய ரயில்கள் அதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

விசா மையத்தில் ஐவரும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து நின்றார்கள். குளிர்சாதன அறையில் கோப்பை மார்போடு அணைத்து, தேர்வறை வாசலில் நிற்கும் முகத்தோடு. பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள். உவின் கட்டைவிரல் மட்டும் இரண்டு தடவை பதியவில்லை. அத்தனை பயன்படுத்தியிருந்தார்.

ஆய்வின் எல்லை

விசா வந்தது. அதன்பின் ஆய்வு எல்லைக்கு வெளியே நடந்த ஒன்றை மட்டும், மேலாய்வு செய்வோர் பொருட்டு, குறித்து வைக்கிறேன். திட்டமிடலின் கடைசிக் கட்டத்தில் அதுவரை தரவில் தலைகாட்டாத ஆறாவது தரப்பு ஒன்று நுழைகிறது. அது ஆவின் அம்மா.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேர்க்காத மிளகாய்ப்பொடி ஆகியவற்றைப் பற்றி விவாதம் இல்லை. சிக்கல், கூடவே வைத்த அரைக்கிலோ நெய். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால்பொருளும் எந்தப் பையிலும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆவின் ஷீட்டில் அதற்கென்றே ஒரு தாவல் இருந்தது. ஆ அதைத் திறந்து காட்டினார். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"நெய்தானே கூடாதுன்னு போட்ருக்கு? மைசூர்பா ஸ்வீட்டு. அத ஒண்ணும் சொல்லல."

நெய்ச் சொம்பு வெளியே வந்தது. ஒரு கிலோ மைசூர்பா உள்ளே போனது. மைசூர்பா பால்பொருளா, மிட்டாயா, அல்லது நெய்யின் திடநிலையா என்பது குறித்துக் குழுவில் விவாதம் தொடங்கியிருக்கிறது. அ வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். இ தமக்கு எதுனாலும் ஓகே என்று பதிவிட்டுள்ளார்.